தாளில் அடங்காத மரங்கள்

ஆல், அரசு, அத்தி, பலா, அயினி, முசுக்கட்டை எல்லாம் மோரேசி என்ற ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. கிளையை ஒடித்தால் பால் வடிவது இவற்றின் பொது அடையாளம். இக்குடும்பத்தின் சுமார் 1,100 இனங்களில் பெரும்பகுதி, ஆலும் அத்தியும் அடங்கிய ஃபைகஸ் பேரினத்தவை.

செடியை அழுத்தி உலர்த்திச் சேமிக்கும் முறை 16ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் பீசா நகரில் கற்பித்த லூக்கா கினியின் மாணவர்கள் வழியே பரவியது. பூவும் இலையுமாக ஒரு கொப்பை ஒடித்து, தாள்களுக்கிடையே காயவைத்து, ஒட்டி, எடுத்த இடம், நாள், எடுத்தவர் பெயர் ஆகியவற்றைச் சீட்டில் எழுதுவார்கள். பெரும்பாலான செடிகளுக்கு இது போதும். மோரேசிக்குப் போதவில்லை. ஆலமரத்தின் பூக்கள் காய்க்குள்ளேயே ஒளிந்திருக்கின்றன. அழுத்தினால் காய் நசுங்கும். பலாப்பழமோ அடிமரத்தில் தொங்குவது, எந்தத் தாளுக்கும் அடங்காதது. பலாங்கன்றின் இலையில் பிளவுகள் இருக்கும், வளர்ந்த மரத்தின் இலையில் இராது. கன்றிலிருந்து எடுத்த மாதிரி வேறு மரத்துடையது போலவே தோன்றும்.

அதனால் தொடக்கத்தில் மாதிரிகளைவிடப் படங்களே கைகொடுத்தன. கொச்சியின் டச்சு ஆளுநர் வான் ரீட் 1678இல் வெளியிடத் தொடங்கிய ‘ஹோர்டுஸ் மலபாரிகுஸ்’ முதல் தொகுதியில் அத்தியாலு, இத்தியாலு, அரயாலு, பேராலு என உள்ளூர்ப் பெயர்களோடு நான்கு மரங்கள் வரையப்பட்டுள்ளன. லின்னேயஸ் 1753இல் அத்திக்கு அறிவியல் பெயர் தந்தபோது ரீடின் படத்தையும் ஆதாரமாகக் காட்டினார்.

19ஆம் நூற்றாண்டில் ஆசியக் காடுகளிலிருந்து மாதிரிகள் ஐரோப்பாவில் குவிந்தன. நெதர்லாந்தின் தாவரவியலாளர் மிக்கேல் 1840களில் ஃபைகஸைப் பல பேரினங்களாக உடைத்தார். 1867இல் அவரே அவற்றைத் திரும்பச் சேர்த்தார். அந்தத் தடுமாற்றத்தைப் பெருமளவு தீர்த்தவர் கல்கத்தா தாவரவியல் தோட்டத்தின் கண்காணிப்பாளர் ஜார்ஜ் கிங். அவரது ஃபைகஸ் நூல் 1887–88இல் வெளிவந்தது. இலையை நம்பாமல் காய்க்குள் இருக்கும் பூக்களைக் கொண்டே இனங்களை ஏழு பிரிவுகளாக வகுத்தார். உலர்ந்த காயை வெந்நீரில் ஊறவைத்துப் பிளந்து லென்ஸ் வழியே பார்த்தால் ஆண்பூ, பெண்பூ, குளவி முட்டையிடும் குட்டைச் சூல்தண்டுடைய பூ என மூன்றும் தெரியும். தோட்டத்தின் இந்திய ஓவியர்கள் இவற்றைத் தனித்தனியே வரைந்தார்கள். வெறும் கொப்பாகக் கிடந்த தாள்கள் பேசத் தொடங்கியது இந்த உழைப்பால்தான்.

அடுத்த தடை உயரம். மழைக்காட்டு மரத்தின் காய்கள் ஆளெட்டாத உச்சியில் இருந்தன. 1929 முதல் சிங்கப்பூரில் பணியாற்றிய தாவரவியலாளர் கார்னர், மலாய்க் கிராமங்களில் தேங்காய் பறிக்கப் பழக்கிய பெரோக் குரங்குகளை மரமேற்றிக் கொப்புகளை ஒடித்துப் போட வைத்தார். பசுமையாகக் கையில் கிடைத்த காயின் நிறத்தையும் பாலையும் நேரில் பார்த்துக் குறிப்பெழுத முடிந்தது. உலர்ந்த தாளில் மறைந்துபோவது இவைதானே. ஆசியா, ஆஸ்திரேலியா பகுதி ஃபைகஸ்களுக்கு அவர் தயாரித்த பட்டியல் 1965இல் வெளிவந்தது. இதற்கிடையே 1945இல், இரண்டாம் உலகப் போரில், மணிலாவின் உலர்தாவரத் தொகுப்பு எரிந்தது. பிற நாடுகளுக்கு முன்பே அனுப்பியிருந்த இரட்டைப் பிரதிகளே அந்த மரங்களுக்குச் சாட்சியாக எஞ்சின.

இன்று பழைய இலைத் துணுக்கிலிருந்தும் டி.என்.ஏ. எடுக்கிறார்கள். போர்னியோவின் இபான் மக்கள் லுமோக், பிங்கான் என இரண்டு பலா வகைகளைப் பிரித்தறிவார்கள். தாவரவியலோ இரண்டையும் ஆர்டோகார்பஸ் ஓடோராடிசிமஸ் என்ற ஒரே பெயரில் அடக்கியிருந்தது. புதிய மாதிரிகளோடு பழைய உலர்தாவரங்களையும் ஒப்பிட்ட டி.என்.ஏ. ஆய்வு, இவை தனித்தனி இனங்களே என்று 2022இல் காட்டியது. பிங்கானுக்கு, இத்தாலியர் பெக்காரி 1902இல் வைத்த ஆர்டோகார்பஸ் மியூட்டாபிலிஸ் என்ற பெயர் மீண்டும் வழக்குக்கு வந்தது.