சருகின் சாறு

யமுனோத்ரிக்குக் கீழே, உத்தரகாசி மலைச்சரிவில் ஓர் இலை உதிர்கிறது. மழையில் ஊறி, மண்ணோடு மக்கி, தேயிலை வடித்த சாயம்போல ஒரு பழுப்புச் சாற்றை விடுகிறது. ஹியூமிக் அமிலம், ஃபுல்விக் அமிலம் என்று வேதியியலார் அதற்குப் பெயர் சொல்வார்கள். காடு இருக்கும்வரை ஆற்றில் அது கலந்தே இருக்கும். தன்னளவில் அது நஞ்சும் இல்லை.

அந்தச் சாறு தண்ணீரோடு மலையிறங்குகிறது. ஹத்னிகுண்ட் தடுப்பணையில் ஆற்றின் பெரும்பங்கு கால்வாய்களுக்குப் பிரிந்துவிட, மிஞ்சியது ஹரியானா சமவெளியில் மெலிந்து நடக்கிறது. வழியில் பானிப்பட் பக்கத்து ஆலைக் கழிவும் ஊர்ச் சாக்கடையும் வந்து சேர்கின்றன. பல்லா அருகே தில்லிக்குள் நுழைந்து வஜீராபாத்தில் தேங்கும்போது, மலை இலையின் சாறும் மனிதர்களின் அழுக்கும் பிரித்தறிய முடியாமல் கலந்துவிட்டன. கூடவே அம்மோனியாவும் இருக்கிறது. ஆற்றில் நீர் வற்றும் குளிர்காலத்தில் அது ஏறும்.

இங்கிருந்து நீர் சந்திராவல் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. கரோல் பாக், ராஜேந்திர நகர் வீடுகளுக்கு, அதாவது பூசா ரோட்டின் இரு கரைகளுக்கும், தண்ணீர் வரும் வழி இதுதான். தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி ஒன்றும் இந்தச் சாலையில் உண்டு. நம் பிள்ளைகள் குடிக்கும் தண்ணீரின் கதை இது.

குளோரின் எதற்கு என்று கேட்பவர்கள் 1955-ஐ நினைக்க வேண்டும். அந்த நவம்பரில், வெள்ளம் வடிந்தபின் யமுனை போக்கு மாறியது. நஜஃப்கர் சாக்கடை எதிரேறி, வஜீராபாத் நீரேற்று நிலையம் நீர் எடுக்கும் இடத்துக்கே வந்துவிட்டது. நிலையத்தார் படிகாரத்தையும் குளோரினையும் கூட்டிப் போட்டார்கள். டைஃபாய்டும் சீதபேதியும் பரவவில்லை. ஆனால் டிசம்பரிலும் ஜனவரியிலும் ஏறத்தாழ 29,000 பேருக்கு மஞ்சள் காமாலை கண்டது. அது ஹெப்படைட்டிஸ் ஈ வகை என்பது பல ஆண்டுகள் கழித்துத்தான் உறுதியாயிற்று. குளோரின் அன்று பல உயிர்களைக் காத்தது. அழுக்கு மிகுந்த நீரில் அது மட்டும் போதாது என்பதையும் அந்தக் குளிர்காலமே காட்டியது.

குளோரினுக்கு இன்னொரு முகம் இருப்பது 1974-ல் தெரிந்தது. நெதர்லாந்தின் ரோட்டர்டாம் நகர நீர் நிலையத்தில் யோஹான்னஸ் ரூக் என்ற வேதியியலார், குளோரின் இட்ட ஆற்று நீரில் குளோரோஃபார்ம் பிறப்பதைக் கண்டார். சருகின் சாறும் குளோரினும் சேர்ந்தால் குளோரோஃபார்ம் உள்ளிட்ட ட்ரைஹாலோமீத்தேன்கள் உண்டாகின்றன. 1976-ல் அமெரிக்கப் புற்றுநோய் நிறுவனம், எலிகளுக்குக் குளோரோஃபார்ம் புற்றுநோய் தருவதை அறிவித்தது. மூன்றாண்டில் அந்நாடு லிட்டருக்கு 100 மைக்ரோகிராம் என்று மொத்த ட்ரைஹாலோமீத்தேனுக்கு வரம்பு வைத்தது, இப்போது 80. நம் நாட்டுத் தரம் ஒவ்வொன்றுக்கும் தனி வரம்பு வைக்கிறது. குளோரோஃபார்முக்கு அது லிட்டருக்கு 0.2 மில்லிகிராம்.

தில்லியின் சிக்கல் அம்மோனியாவில் இருக்கிறது. ஒரு பங்கு அம்மோனியா நைட்ரஜனைத் தீர்க்க ஏழெட்டுப் பங்கு குளோரின் செலவாகும். அதனால் படிகாரம் போடுவதற்கு முன்பே, கலங்கல் நீரிலேயே குளோரினைக் கொட்ட வேண்டியிருக்கிறது. சாறு முழுதும் நீரில் இருக்கும்போது குளோரின் அதைச் சந்திக்கிறது. இந்த வரிசைதான் தவறு என்பேன். சாற்றை முதலில் எடுத்துவிட்டுக் குளோரினைக் கடைசியில் இட்டால், கிருமியும் சாகும், குளோரோஃபார்மும் குறையும்.

எடுக்கும் வித்தை நமக்குப் பழையது. தேற்றாங்கொட்டையைப் பானையின் உட்புறம் தேய்த்துக் கலங்கலைத் தெளியவைத்தார்கள் நம் பாட்டிமார். படிகாரம் செய்வதும் அதுவே: மிதக்கும் துகளைத் திரட்டி அடியில் படியவைக்கிறது. கரைந்த சாற்றையும் பிடிக்க வேண்டுமென்றால் படிகாரத்தைச் சற்றுக் கூட்டி, நீரின் அமிலத்தன்மையையும் கொஞ்சம் ஏற்ற வேண்டும். அதற்கும் தப்பியதைக் கிளர்வூட்டிய கரி உறிஞ்சிக்கொள்ளும். காங்கேயம் பக்கம் கொட்டாங்குச்சியைச் சுட்டு ஆக்குகிறார்களே, அந்தக் கரிதான். ஜப்பான் கடனுதவியோடு சந்திராவலில் திட்டமிடப்பட்ட நாளொன்றுக்கு 477 மில்லியன் லிட்டர் நிலையத்தில் ஓசோனும் கரிப் படுகையும் சேர்க்கப்பட்டிருப்பது இதற்காகத்தான்.

நிலையத்தைத் தாண்டினாலும் கதை முடிவதில்லை. குழாயிலும் மாடித் தொட்டியிலும் நீர் எவ்வளவு நேரம் கிடக்கிறதோ, வெயில் எவ்வளவு ஏறுகிறதோ, அவ்வளவுக்குக் குளோரோஃபார்மும் கூடும். தொட்டியின் அடியில் வண்டல் சேரவிடாதீர்கள். வடிகட்டியின் கரிக்குழலை உரிய காலத்தில் மாற்றுங்கள். நிறைந்துபோன கரி எதையும் பிடிக்காது. குடிநீரைக் காய்ச்சினால் மூடியில்லாமல், சன்னலைத் திறந்துவைத்துக் காய்ச்சுங்கள். தனியாக 61 டிகிரியிலேயே கொதிக்கும் குளோரோஃபார்ம், தண்ணீர் கொதிக்கும்போது ஆவியாகிப் போய்விடும்.

குளோரின் வாசனை அடிக்கிறது என்று அதை நிறுத்தச் சொல்லி மட்டும் மனுக் கொடுக்காதீர்கள். குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் நீர்வாரிய அதிகாரியைச் சந்தித்தால், எஞ்சிய குளோரின் எவ்வளவு என்று கேட்டதோடு நிற்காமல், குளோரின் இடுமுன் நீரில் சருகின் சாறு போன்ற கரிமப் பொருள் எவ்வளவு இருந்தது என்றும் கேளுங்கள்.