லயன் அறைக்கு ஒரு கணினி

அட்டனிலோ நுவரெலியாவிலோ ஒரு தோட்டத்து லயனில் பிறந்து, கொழும்பிலோ வளைகுடாவிலோ கனடாவிலோ உழைக்கும் மகன் ஒருவர், ஊரில் தங்கிவிட்ட தாய்க்கு எளிய கணினி ஒன்றைப் பொருத்திக் கொடுக்க எண்ணுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரர் முதலில் செயலியின் வேகத்தைப் பற்றித்தான் பேசுவார். பிள்ளைகளின் முகம் பார்த்துப் பேசவும் பழைய பாட்டுக் கேட்கவும் இன்று விற்பனையாகும் மிகச் சாதாரணமான செயலியும் 8 ஜி.பி. நினைவகமுமே போதும். ஏனைய பாகங்களைத் தெரிவு செய்யும்போதுதான் யோசிக்க வேண்டியுள்ளது. அந்த யோசனை நம்மை மலையக வரலாற்றுக்குள் இட்டுச் செல்கிறது.

முதலில் மின்சாரம். நோர்ட்டன் பிரிஜ் அணைக்கட்டின் நீரைக் கொண்டு லக்ஷபான மின்நிலையம் இயங்கத் தொடங்கியது 1950ஆம் ஆண்டில். பின்னர் காசல்ரீ, மவுஸாகலை நீர்த்தேக்கங்களும் எழுந்தன. மலையகத்தின் ஆறுகள் கொழும்பு நகருக்கு ஒளியூட்டிய அந்தக் காலத்தில், அவற்றின் கரையோரத் தோட்டங்களில் லயன் அறைகள் பலவற்றில் குப்பி விளக்கே எரிந்தது. பல பத்தாண்டுகள் கழித்தே அவற்றுக்கு மின்கம்பி வந்தது. ஒற்றை அறைக்கென ஒரு விளக்கை எண்ணி இழுக்கப்பட்ட கம்பியில் இன்று தொலைக்காட்சியும் கேத்தலும் இயங்குகின்றன. ஆகவே கணினி வாங்குமுன் மின்னியலாளர் ஒருவரை அழைத்து, நிலத்தொடுப்பு சரியாக உள்ளதா என்று பார்க்கச் செய்வதே முதற்செலவாக இருக்க வேண்டும். அடுத்தது யூ.பி.எஸ். 2022 மார்ச் இறுதியில் நாட்டில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பெரிய மேசைக்கணினியை யூ.பி.எஸ். சில நிமிடங்களே தாங்கும். நினைவகத்தையும் சேமிப்பகத்தையும் நாமே பொருத்திக்கொள்ளும் சிறு பெட்டிக் கணினி மிகக் குறைந்த மின்சாரத்தில் இயங்குவதால், அதே யூ.பி.எஸ். அதனைக் கூடுதல் நேரம் தாங்கும். இடிமின்னல் வேளையில் செருகியைக் கழற்றிவிடும் பழக்கத்தையும் தாய்க்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

இரண்டாவது, குளிரும் ஈரமும். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் உள்ளது. தேயிலைக்கு உகந்த பனிமூட்டம் உலோகத் தொடுப்புகளுக்கு உகந்ததன்று. பிரித்தானியத் தோட்டக்காரர்கள் தற்காலிக உழைப்பாளருக்கென நெருக்கி அடுக்கிய லயன்களில் தகரக்கூரையின் கீழ் அடுப்புப் புகையும் ஈரமும் சேர்ந்தே தங்கும். விசிறியுள்ள பெட்டி இவ்விரண்டையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். விசிறியற்ற பெட்டியும், சுழலும் தட்டு இல்லாத எஸ்.எஸ்.டி. சேமிப்பகமும் இங்கே நெடுநாள் உழைக்கும். பெட்டி அடுப்பங்கரைச் சுவரில் சாய்ந்திருக்கக் கூடாது.

மூன்றாவது, கையும் எழுத்தும். நாற்பது ஆண்டுகள் கொழுந்து பறித்த விரல்களின் தோல் தடித்து, உலர்ந்து போயிருக்கும். தொடுதிரை அத்தகைய விரலைப் பல வேளைகளில் உணர்வதில்லை. பழுது திரையில் இருக்க, தனக்குத்தான் ஒன்றும் விளங்கவில்லை என்று அந்தத் தாய் நினைத்துக்கொள்வார். பெரிய பொத்தான்களைக் கொண்ட மவுஸ் இதற்கு நல்ல மாற்று.

விசைப்பலகையில் வேறொரு வரலாறு உள்ளது. தமிழ்நாட்டில் 1999இல் 'தமிழ் 99' அறிவிக்கப்பட்டது. இலங்கையில் ரெங்கநாதன் விசைப்பலகை அமைப்பு 2008இல் எஸ்.எல்.எஸ். 1326 தரத்தில் இடம்பெற்றது. எனினும் இவை எழுதப் படித்தவர்களுக்கே பயன்படும். தோட்டப் பாடசாலைகள் பெரும்பாலும் ஓராசிரியர் பாடசாலைகளாகவே இருந்தன. அரசாங்கம் அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியதே 1970களில்தான். அதற்குள் பறிக்கும் வயதை எட்டிவிட்ட பெண் பிள்ளைகள் பலர் கூடையைச் சுமந்து மலையேறிவிட்டனர். அவர்களுக்காகக் கணினித் திரையில் எழுத்துகளை நிரப்புவதில் பயனில்லை. ஒவ்வொரு பிள்ளையின் படத்தையும் பெரிதாக வைத்து, அதை அழுத்தினால் அழைப்புப் போகும்படி அமைத்துக் கொடுக்க வேண்டும்.

எழுத்தறியாதவர்களிடம் குரல் வழியே செல்வது மலையகத்துக்குப் புதிதன்று. 1931இல் அட்டனைத் தளமாகக் கொண்டு தொழிற்சங்கம் அமைத்த பத்திரிகையாளர் கோ. நடேசய்யர் துண்டுப் பிரசுரங்களை எழுதினார். அவருடைய துணைவியார் மீனாட்சியம்மாள் தொழிலாளர் நடுவே அரசியல் செய்திகளைப் பாட்டாகவே பாடினார். அச்சு சென்றடையாத காதுகளைப் பாட்டு சென்றடைந்தது. ஆகவே செயலியில் மிச்சம் பிடிக்கும் பணத்தை நல்ல ஒலிபெருக்கிக்கும் ஒலிவாங்கிக்கும் செலவிடுவதே பொருத்தம்.

நான்காவது, கமரா. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இம்மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். ஒரே வீட்டில் அண்ணன் இந்தியப் பிரஜை, தங்கை இலங்கைப் பிரஜை என்றானது. தலைமன்னாருக்கு அவர்களை ஏற்றிச் சென்ற ரயிலை மக்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்றனர். இராமேஸ்வரத்தில் இறங்கிய பலர் நீலகிரியின் கூடலூர், கோத்தகிரிப் பகுதிகளில் மீண்டும் தேயிலைக்கே சென்றனர். அதன்பின் உறவு கடிதத்தில் தங்கியது. அந்தக் கடிதத்தையும் வேறொருவர்தான் வாசித்துக் காட்ட வேண்டியிருந்தது. வீட்டு இரகசியம் எதையும் அதில் எழுத முடியாது.

இன்று கூடலூரில் இருக்கும் அண்ணனோடு அந்தத் தங்கை இடையில் ஆளின்றிப் பேசலாம். கையில் பிடிக்கும் தொலைபேசியில் பேசினால் மறுமுனைக்குப் பாதி நேரம் கூரைத் தகரமே தெரியும். திரையின் மேல் நிலையாகப் பொருத்திய கமராவில் முகம் தெரியும். திரை 24 அங்குலமாக இருந்தால், மூத்த கண்ணுக்கு அண்ணனின் முகமும் தெளிவாகத் தெரியும்.

கடைசியாக, வெளியே இணைக்கும் சேமிப்பு வட்டு ஒன்று. ஒப்பந்தம் கைச்சாத்தானபோது பத்து வயதாயிருந்தவர்கள் எழுபதைத் தாண்டிவிட்டனர். பெரட்டுக்களத்து விடியலையும் தலைமன்னார்ப் பிரிவையும் கண்ட தலைமுறை குறைந்து வருகிறது. தோட்டத்துப் பதிவேடுகளில் அவர்களின் பெயரும் பறித்த கொழுந்தின் எடையும் இருக்கும். அவர்கள் என்ன நினைத்தார்கள் என்பது அவற்றில் இல்லை. அதே கமராவும் ஒலிவாங்கியும் இருக்கும்போது, வாரம் ஒருமுறை அரை மணி நேரம் தாயைப் பேசவிட்டு, அவருடைய சம்மதத்துடன் பதிந்து வையுங்கள். பிரதி ஒன்றை உங்களிடமும் வைத்துக்கொள்ளுங்கள்.