சாவேஸ் பள்ளத்தாக்கும் டொட்ஜர் விளையாட்டரங்கும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மேற்குக் கரையிலுள்ள லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் 1962 ஏப்பிறில் 10 ஆம் நாள் திறந்துவைக்கப்பட்ட டொட்ஜர் விளையாட்டரங்கு, பேஸ்போல் அரங்குகளுள் தலைசிறந்த ஒன்றாகப் போற்றப்படுகின்றது. 56,000 ஆசனங்களைக் கொண்ட இவ்வரங்கின் பொறியியற் சிறப்பை வியந்து எழுதியோர் பலர். ஆயின் அரங்கு எழுந்த நிலத்துக்கு அதனினும் மூத்த வரலாறொன்று உண்டு.

சாவேஸ் பள்ளத்தாக்கு எனப்பட்ட அக்குன்றுப் பகுதியில் லா லோமா, பாலோ வேர்டே, பிஷப் என்னும் மூன்று குடியிருப்புகள் இருந்தன. அங்கு வாழ்ந்தோர் பெரும்பாலும் மெக்சிக்க வம்சாவளியினர். நகரின் பிற பகுதிகளிற் காணி வாங்குவதற்கு இனப்பாகுபாடு தடையாயிருந்த காலத்தில், அவர்கள் இங்கு வீடு கட்டி, ஆடு கோழி வளர்த்து, தமக்கெனத் தேவாலயமும் பாடசாலையும் கொண்டு வாழ்ந்தனர். நகர நிருவாகத்தின் கண்ணுக்கு அது சேரி, வாழ்ந்தோருக்கு ஊர்.

1950 யூலையில் நகர வீடமைப்பு அதிகாரசபையின் கடிதம் அவர்களை வந்தடைந்தது. 1949 ஆம் ஆண்டின் வீடமைப்புச் சட்டத்தின் கீழ் அங்கு பொது வீடமைப்புத் தொகுதியொன்று எழவிருப்பதால் காணிகளை விற்றுவிட வேண்டும்; புதிய வீடுகளில் அவர்களுக்கே முதலிடம் என்றது அக்கடிதம். கட்டடக் கலைஞர் றிச்சர்ட் நொயிற்றாவும் றொபேட் அலெக்சாந்தரும் 13 மாடிகள் கொண்ட 24 கட்டடங்களை வரைந்தனர். வாக்குறுதியை நம்பியும் வேறு வழியின்றியும் பெரும்பாலானோர் வெளியேறினர். ஆனால் பொது வீடமைப்பே பொதுவுடைமைச் சதி என அஞ்சப்பட்ட காலம் அது. திட்டத்தின் முன்னணி ஆதரவாளரான அதிகாரி பிராங் வில்கின்சன், தமது அரசியற் தொடர்புகள் பற்றிய வினாவுக்கு 1952 இல் விடையளிக்க மறுத்துப் பதவியிழந்தார். 1953 இல் மேயராகத் தெரிவான நொரிஸ் போல்சன் திட்டத்தையே கைவிட்டார். வெறுமையான நிலம், பொதுநோக்குக்கே பயன்படல் வேண்டும் என்னும் நிபந்தனையுடன் நகரத்தின் கைக்கு வந்தது.

ஆகவே டொட்ஜர்ஸ் கழகமே மக்களைத் துரத்தியது என்னும் பரவலான கூற்று முற்றும் பொருந்தாது. கழகம் வருமுன்னரே ஊர் கலைந்துவிட்டது. இதனால் அநீதி குறைந்துவிடவில்லை. வீடுகளுக்கென வாங்கிய நிலத்தில் வீடுகளே எழவில்லை.

இதேவேளை நியூயோர்க்கின் புரூக்ளினிற் புதிய அரங்குக்கு வேண்டிய இடத்தைப் பெறமுடியாதிருந்தார் டொட்ஜர்ஸ் உரிமையாளர் வோல்ட்டர் ஓ’மாலி. லொஸ் ஏஞ்சல்ஸ் நகரம் ஏறக்குறைய 300 ஏக்கரை அவருக்கு வழங்க முன்வந்தது. பதிலாக அந்நகரில் அவருக்கிருந்த சிறிய அரங்கொன்றைப் பெற்றது. 1957 ஒக்டோபரில் நகரசபை 10க்கு 4 வாக்குகளால் இதை ஏற்றது. 1958 யூன் மாத மக்கள் தீர்ப்பிலும் ஒப்பந்தம் குறுகிய பெரும்பான்மையால் நிலைத்தது. தனியார் கழகத்தின் மைதானம் பொதுநோக்காகுமா என்ற வழக்கிலும், 1959 சனவரியில் கலிபோர்ணிய உச்ச நீதிமன்றம் ஒப்பந்தம் செல்லும் என்றே தீர்த்தது.

எஞ்சியிருந்தோருள் அரெச்சிகா குடும்பத்தினர், தம் வீட்டுக்கு விதிக்கப்பட்ட 10,050 டொலரை ஏற்க மறுத்திருந்தனர். 1959 மே 8 இல் அக்குடும்பப் பெண்ணொருவரைக் காவலர் கைகால்களைப் பற்றித் தூக்கி வெளியேற்றிய காட்சி நாடெங்கும் பரவியது. வீடு உடனே இடிக்கப்பட்டது. அவர்களுக்கு வேறு வீடுகளும் உண்டெனப் பத்திரிகைகள் வெளிப்படுத்தியதும் மக்களின் இரக்கம் வற்றிவிட்டது. வேறு வீடு உடையவருக்கு உரிய விலையைக் கேட்கும் உரிமையில்லை என்பது விந்தையான நியாயமே.

அவ்வாண்டு செப்டெம்பரில் வேலை தொடங்கியது. ஏறத்தாழ 80 இலட்சம் கன யார் மண் அகற்றப்பட்டது. பொறியியலாளர் எமில் பிறேகர் அரங்கைக் குன்றின் சரிவோடு பொருத்தியதால், வாகனத்தை நிறுத்துவோர் தத்தம் ஆசன மட்டத்துக்கே நேராக நுழையலாம். இது உண்மையிலேயே மெச்சத்தக்க வடிவமைப்பு. பாலோ வேர்டே பாடசாலையோ இடிக்கப்படவுமில்லை. கூரை மட்டும் கழற்றப்பட்டு மண்ணால் நிரப்பி மூடப்பட்டது.

1981 இல் மெக்சிக்க இளைஞர் பெர்னான்டோ வலன்சுவேலா டொட்ஜர்ஸின் பந்தெறிவாளராகப் புகழ்பெற்றபோது, மெக்சிக்க வம்சாவளியினர் இவ்வரங்கிற் பெருந்திரளாகக் கூடினர். வெளியேற்றப்பட்டோருக்கு இழப்பீடு பற்றி ஆராய வழிகோலிய சட்டமூலமொன்று 2024 இல் கலிபோர்ணியச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. ஆளுநர் அதற்கு ஒப்பமளிக்க மறுத்தார்.