எல்லாத் தேவரும் என்னும் சொல்

அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி வாழ் அடியார் பலரும் எழும்பூர் அருங்காட்சியகத்தைக் கண்டிருப்பீர்கள். அது நிற்பது பாந்தியன் சாலையில். பாண்டியன் பெயரோ எனச் செவி மயங்கும். ஆயின் அது தென்னவன் பெயரன்று, யவனச் சொல். 'பான்' என்பது எல்லாம். 'தியோசு' என்பது தெய்வம். எல்லாத் தெய்வங்கட்கும் உரியது என்பதே பொருள்.

வேதத்திலும் இதற்கு நிகரான சொல் உண்டு. 'விசுவே தேவா' என்றால் தேவர் எல்லாரும். நீத்தார் கடனில் வரிக்கப்படும் விசுவேதேவர் இவர்களே. காலப்போக்கில் புராணங்கள் இவர்களைப் பதின்மர் என்று வகுத்தன. எல்லாரையும் குறித்த சொல் ஒரு கூட்டத்தார்க்குப் பெயராகிச் சுருங்கியது! முப்பத்து மூவர் என்னும் கணக்கும் நாம் அறிந்ததே: வசுக்கள் எண்மர், உருத்திரர் பதினொருவர், ஆதித்தர் பன்னிருவர், அசுவினிகள் இருவர். பிருகதாரணியக உபநிடதத்திலோ, தேவர் எத்தனைபேர் என்று மீண்டும் மீண்டும் வினவப்பட்ட யாக்ஞவல்கியர், மூவாயிரத்து முந்நூற்றறுவரில் தொடங்கி, குறைத்துக் குறைத்து ஒருவரில் வந்து நிற்கிறார்.

இனி உரோமாபுரிக்குச் செல்வோம். அங்குப் பாந்தியன் என்னும் பெயர்பெற்ற கோயிலை முதலில் எடுப்பித்தவன் அகிரிப்பன். அது தீக்கிரையானபின் இன்றுள்ள வட்டக் கோயிலை ஏறத்தாழக் கி.பி. 126-இல் முடித்தவன் ஏட்ரியன் என்னும் பேரரசன். 609-இல் அது கிறித்தவ ஆலயமாயிற்று. அப்பெயர் ஏன் வந்தது? மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய காசியசு தியோ என்னும் வரலாற்றாசிரியர் இரு காரணம் கூறினார். தெய்வ உருவங்கள் பல அங்கு இருந்தமை ஒன்று. அதன் குவிந்த கூரை வானத்தை ஒத்திருந்தமை மற்றொன்று. பின்னதே தம் கருத்து என்றார் அவர். அக்கூரையின் நடுவே திறந்த வட்டம் ஒன்றுண்டு. வெயிலும் மழையும் அதன் வழியே உள்ளே வரும். தில்லையில் வெளியையே இறையாகத் தொழும் நமக்கு இவ்விரண்டாம் பொருளே இனிக்கிறது. தெய்வங்களைக் கூட்டி எண்ணுவது ஒரு நெறி. அனைத்தும் அடங்கும் வெளியை நினைப்பது வேறு நெறி.

இச்சொல் சென்னைக்கு வந்த வழி வேடிக்கையானது. 1772-இல் இலண்டனில் ஒரு கேளிக்கை மண்டபம் பாந்தியன் என்னும் பெயரில் திறக்கப்பட்டது. சென்னையிலும் அவ்வாறே. 1778-இல் ஆல் பிளமர் என்னும் கும்பினி அலுவலர் பெற்ற நாற்பத்து மூன்று ஏக்கர் நிலம், 1793-இல் பொதுக் கேளிக்கைகளை நடத்திய இருபத்து நால்வர் குழுவிடம் வந்தது. ஆங்கிலேயர் விருந்துண்டு நடனமாடிய அவ்விடத்திற்கு எல்லாத் தெய்வங்களின் பெயர், தெய்வமோ ஒன்றுமில்லை. 1851-இல் தோன்றிய அருங்காட்சியகம் 1854-இல் அங்குக் குடிபுகுந்தது. பின்னரே தெய்வத் திருமேனிகள் ஒவ்வொன்றாய் வந்து சேர்ந்தன. சொல் மெய்யாயிற்று, ஆனால் பூசை இல்லை.

அங்குள்ள திருமேனிகளுள் தலையாயது திருவாலங்காட்டு ஆடவல்லான். சோழர் காலச் செப்புத் திருமேனி. அதன் படங்களைக் கண்டே பிரெஞ்சுச் சிற்பி ரோதேன் வியந்து எழுதினார். அருங்காட்சியகத்தில் நிற்பது கலைப்பொருளா, கடவுளா என்று அன்பர் கேட்பதுண்டு. காப்பது கடன் என்போரையும் நாம் மறுக்கவில்லை. ஆயினும் அங்கு நின்றால் கை தானே குவிகிறது.

ஆவடியிலிருந்து இரயிலில் மேற்கே சென்றால் ஆலங்காடு வரும். காரைக்காலம்மையார் பாடிய தலம், ஐஞ்சபைகளுள் இரத்தின சபை. அங்கே மார்கழித் திருவாதிரையில் இன்றும் கூத்தப்பிரானுக்கு அபிடேகம் நடைபெறுகிறது.