காற்றடைத்த முட்டையும் குற்றாலத்துக் கொக்கோவும்

கொஞ்சம் நீளமான பதிவு. காபியோடு உட்கார்ந்து படியுங்கள்.

ஈஸ்டர் சமயத்தில் இப்போது நம் கீழ்க்கட்டளைப் பக்கத்து பேக்கரிகளிலும் சாக்லேட் முட்டை வந்துவிடுகிறது. இந்த முறை ஒன்று வாங்கி உடைத்தோம். உள்ளே ஒன்றுமில்லை. "என்ன தாத்தா, காத்துக்கா இவ்வளவு காசு?" என்றாள் பேத்தி. வரலாற்று வாத்தியாரிடம் இப்படிக் கேட்டால் சும்மா விடுவேனா?

முதலில் முட்டை எப்படி வந்தது? ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலத்தில் பழைய ஐரோப்பாவில் இறைச்சியோடு முட்டையையும் விலக்கி வைத்தார்கள். கோழிக்கு அந்தக் கணக்குத் தெரியுமா? அது பாட்டுக்கு முட்டையிட்டது. சேர்ந்துபோன முட்டைகளை வேகவைத்து, சாயம் பூசி, பண்டிகையன்று பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள்.

அது சாக்லேட் ஆவதற்கு ஒரு இயந்திரம் தேவைப்பட்டது. மாயர்களும் அஸ்டெக்குகளும் கொக்கோவைக் கரைத்துக் குடித்தார்கள். ஐரோப்பாவும் முந்நூறு ஆண்டுகள் அப்படித்தான் குடித்தது. 1828-இல் நெதர்லாந்தில் வான் ஹௌட்டன் நிறுவனம் கொக்கோவை அழுத்திக் கொழுப்பைத் தனியே பிரிக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றது. அந்தக் கொழுப்புதான் கொக்கோ வெண்ணெய். அதை மறுபடி கூடுதலாகச் சேர்த்தால் சாக்லேட் குழம்புபோல ஓடும், அச்சில் ஊற்றினால் இறுகும். பிரிஸ்டல் நகரத்து ஃப்ரை நிறுவனம் 1847-இல் கடித்துத் தின்னும் சாக்லேட்டையும், 1873-இல் சாக்லேட் முட்டையையும் செய்தது. 1875-இல் கேட்பரியும் முட்டை செய்தது. அந்த முட்டைக்குள் சர்க்கரை பூசிய மிட்டாய்கள் இருந்தன. ஆக, அது முதலில் காற்றடைத்த முட்டை இல்லை, பரிசுப் பெட்டி.

சரி, நம்மூருக்கு ஏன் இவ்வளவு தாமதம்? வெயில்தான் காரணம். கொக்கோ வெண்ணெய் சுமார் 34 டிகிரியில் உருகிவிடும். நம் உடம்புச் சூடு 37. அதனால்தான் சாக்லேட் வாயில் போட்டதும் கரைகிறது. அதே குணம் சென்னைச் சித்திரையில் எதிரியாகிவிடுகிறது. கடை அலமாரியிலேயே கரைந்து நிற்கும்! அதனால் இங்கே ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களும் பழைய பேக்கரிகளும் மார்சிபன் முட்டை செய்தார்கள். ஐரோப்பாவில் பாதாமில் செய்வதை நம்மூரில் முந்திரி, சர்க்கரை, வெள்ளைக்கரு, கொஞ்சம் பன்னீர் சேர்த்துப் பிசைந்து முட்டையாக உருட்டினார்கள். பரங்கிமலை, பல்லாவரம் பக்கம் வளர்ந்தவர்களுக்கு அந்த ருசி தெரிந்திருக்கும். நம் முந்திரி கேக்குக்கு அது ஒன்றுவிட்ட தங்கை.

இப்போது ருசிக்கு வருகிறேன். நாங்கள் வாங்கிய முட்டை வாயில் கரையவில்லை. மெழுகுபோல மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அட்டையைத் திருப்பிப் படித்தேன். கொக்கோ வெண்ணெய் என்ற பேச்சே இல்லை. தாவரக் கொழுப்பு என்றிருந்தது. இதைத் தொழிலில் காம்பவுண்ட் சாக்லேட் என்பார்கள். விலை குறைவு, வெயிலும் தாங்கும். தப்பான பண்டம் என்று சொல்லவில்லை. ஆனால் நாம் தின்பது என்ன என்று தெரிந்து தின்ன வேண்டும்.

ஏனென்றால் இதில் பலர் பிழைப்பு இருக்கிறது. உலகக் கொக்கோவில் பாதிக்கு மேல் ஐவரி கோஸ்ட், கானா என்ற இரண்டே நாடுகளில் விளைகிறது. அங்கே மழை தவறியது, மரங்களில் நோய் பரவியது. 2023 தொடக்கத்தில் டன் 3,000 டாலருக்குக் கீழே இருந்த விலை, 2024 டிசம்பரில் 12,000 டாலரைத் தாண்டியது. ஆனால் அந்த இரண்டு நாடுகளிலும் விவசாயிக்கான விலையைப் பருவத் தொடக்கத்தில் அரசே நிர்ணயிக்கிறது. சந்தை எகிறிய வேகத்தில் அவர் கைக்குக் காசு எகிறவில்லை. கொக்கோ நட்டால் காய்க்க மூன்று நான்கு வருடம் ஆகும். விலை ஏறியதும் உடனே விளைவித்துத் தள்ளவும் முடியாது.

"அது எங்கேயோ ஆப்பிரிக்காவில்தானே சார்?" என்று யாரும் கேட்க வேண்டாம். இந்தியாவில் கொக்கோ முதலில் வந்து இறங்கியதே நம் குற்றாலத்தில்தான். 1798-இல் கிழக்கிந்தியக் கம்பெனி அங்கே கொண்டுவந்து நட்டது. அப்போது அது பெரிய விவசாயமாக வளரவில்லை. 1960-களில் கேட்பரி வயநாட்டில் மாதிரித் தோட்டம் போட்டு ஊக்குவித்த பிறகுதான் கேரளத்திலும் கர்நாடகத்திலும் பரவியது. 1980-களின் தொடக்கத்தில் விலை விழுந்தது. கொள்முதல் சுருங்கியது. நம்பி நட்டவர்கள் பலர் மரத்தைப் பிடுங்கினார்கள்.

அங்கேதான் ஒரு நல்ல காரியம் நடந்தது. பாக்கு விவசாயிகளின் கூட்டுறவு அமைப்பான காம்ப்கோ கொக்கோவை வாங்க முன்வந்தது. 1986-இல் கர்நாடகத்துப் புத்தூரில் சொந்தமாகவே சாக்லேட் தொழிற்சாலை கட்டியது. வாங்குபவர் ஒருவரே என்றால் அவர் கைவிட்ட நாளில் விவசாயி நடுத்தெருவில் நிற்பார். ஆலை தன்னுடையதாக இருந்தால் பேரம் பேசலாம். வகுப்பில் கூட்டுறவு பற்றிப் பாடம் எடுத்தபோது இதைவிட இனிப்பான உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை. இன்று பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்புகளில் கொக்கோ ஊடுபயிராக நிற்கிறது. அங்கே விளைந்ததிலேயே சாக்லேட் செய்பவர்களும் வந்துவிட்டார்கள்.

ஆகவே பிள்ளைகளே, ஈஸ்டரோ தீபாவளியோ, சாக்லேட் வாங்கும்போது பளபளப்புத் தாளைப் பார்த்து மயங்காமல் பின்பக்கத்தைப் படியுங்கள். எடை அதிகமுள்ள பொருள்தான் பட்டியலில் முதலில் வரும். கொக்கோ எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று எண்ணுங்கள். கொக்கோ உள்ளதை வாங்கினால் அந்த மரத்தை நம்பியிருக்கும் குடும்பங்களுக்கும் ஏதோ கொஞ்சம் போய்ச் சேரும். கொஞ்சமாக வாங்கினாலும் போதும். என்னைப்போல் சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர்களுக்கு ஒரு துண்டே ஜாஸ்தி!

குற்றாலம், தென்காசிப் பக்கத்தில் இருக்கும் என் மாணவர்கள் யாராவது அங்கே கொக்கோ மரம் பார்த்திருந்தால் கீழே எழுதுங்கள், படமும் போடுங்கள். பார்க்க ஆசையாக இருக்கிறது.

எல்லோரும் நலமாக இருங்கள்.