அரண்மனைக்காரத் தெருவின் அயலவர்

சென்னை ஜார்ஜ் டவுனில் அரண்மனைக்காரத் தெரு என்றொரு தெரு உண்டு. பெயருக்கேற்ற அரண்மனை ஏதும் அங்கில்லை. ஆங்கிலேயர் அதனை ஆர்மீனியன் தெரு என்றனர். ஆர்மீனியக்காரன் என்னும் சொல்லே ஊரார் நாவில் புழங்கி அரண்மனைக்காரன் என்றாயிற்று என்பர். அறியாத ஒலியை அறிந்த சொல்லாக்கிக் கொள்வது மக்கள் வழக்கின் இயல்பு. ஆயினும், வேற்று நாட்டு வணிகரை அரண்மனைக்குரியோராக்கிய அவ்வழக்கில் ஒரு மதிப்பும் தொனிக்கிறது.

அந்த வணிகர் தம் சொந்த மண்ணிலிருந்தும் பெயர்க்கப்பட்டவர்கள். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரசீக மன்னர் முதலாம் ஷா அப்பாஸ், ஜுல்ஃபா நகரத்து ஆர்மீனியரை இஸ்பஹானுக்கு அருகே குடியேற்றினார். அப்புதிய ஜுல்ஃபாவிலிருந்தே பலர் வணிகம் நாடி இந்தியத் துறைமுகங்களுக்கு வந்தனர். 1688இல் கிழக்கிந்தியக் கம்பெனி அவர்களோடு ஓர் உடன்பாடு செய்துகொண்டது. கம்பெனியின் ஊர் எதிலேனும் ஆர்மீனியர் 40 பேர் வாழ்ந்தால் வழிபாட்டிடம் கட்ட நிலம் தரப்படும். ஏழாண்டுகளுக்கு அவர்தம் குருவுக்கு ஆண்டொன்றுக்கு 50 பவுன் அளிக்கப்படும் என்பது அதன் ஒரு கூறு. சென்னையில் 1712இல் அவர்தம் முதல் தேவாலயம் எழுந்தது.

அவ்வயலவருள் ஊரின் அன்றாட வாழ்வோடு மிகுதியும் கலந்தவர் கோஜா பெத்ரூஸ் உஸ்கான். சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே 1726இல் தம் பொருட்செலவில் அவர் ஒரு பாலம் அமைத்தார். பரங்கிமலை ஏறும் படிக்கட்டுகளும் அவர் கொடையே. பாலத்துக் கல்வெட்டு ஆர்மீனியம், பாரசீகம், இலத்தீன் ஆகிய மும்மொழிகளில் அமைந்தது. அப்பாலத்தை நாள்தோறும் கடந்து சென்ற உழவருக்கும் நெசவாளருக்கும் அவற்றுள் எதுவும் தம் மொழியன்று. கல்லைப் படிக்க இயலாதோரும் பாலத்தின் பயனைத் துய்த்தனர். 1966இல் அவ்விடத்தில் எழுந்த புதிய பாலம், தனித்தமிழ் இயக்கம் கண்ட மறைமலையடிகளின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

எனினும் அயலவர் வாழ்வு அச்சமற்றதாய் இருந்ததில்லை. 1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றினர். 1749இல் நகரம் மீண்டும் ஆங்கிலேயர் வசமான பின், ஆர்மீனியர் வெள்ளையர் நகரில் குடியிருத்தலாகாது என ஆணை பிறந்தது. வணிகத்தில் வேண்டப்பட்டோர் குடியிருப்பில் வேண்டப்படாதோர் ஆயினர். கோட்டைக்கு வெளியே, கறுப்பர் நகரம் எனப்பட்ட பகுதியில் தமிழரும் தெலுங்கரும் பிறரும் வாழ்ந்த தெருக்களே அவர்க்குப் புகலாயின. இன்று காணும் புனித மரியாள் தேவாலயம் அங்கே 1772இல் எழுந்தது. அதன் மணிக்கூண்டில் ஆறு பெருமணிகள் உள்ளன. முற்றத்துத் தளத்திலே கல்லறைக் கற்கள் பதிந்துள்ளன. வழிபட வருவோர் தம் முன்னோரின் பெயர்களுக்கிடையே நடந்தே உள்ளே செல்ல வேண்டும்.

அதே 1772இல் ஷாஹாமிர் ஷாஹாமிரியன் என்னும் வணிகரின் முயற்சியால் சென்னையில் ஆர்மீனிய அச்சகம் தோன்றியது. அரசிழந்த தம் நாட்டிற்கு அமைய வேண்டிய ஆட்சிமுறையை வகுத்துரைக்கும் ஒரு நூலும் அவ்வச்சகத்தின் வழியே வெளிவந்தது. சட்டமன்றமோ நாடோ இல்லாத மக்கள், கடல் கடந்த ஊரின் தெருவொன்றில் இருந்துகொண்டு தமக்கொரு சட்டம் எழுதிப் பார்த்தனர்!

அவ்வழியில் வந்தவர் ஹாருத்யூன் ஷ்மாவோனியன் என்னும் குருவர். பாரசீகத்து ஷிராஸ் நகரில் பிறந்தவர். தம் மைந்தர் இருவரைப் பறிகொடுத்தவர். 1784இல் சென்னைத் தேவாலயப் பணிக்கு வந்தவர். பின்னர்த் தாமே ஓர் அச்சகம் நிறுவி, 1794 அக்டோபரில் ‘அஸ்தரார்’ என்னும் திங்களிதழைத் தொடங்கினார். உலகில் ஆர்மீனிய மொழியில் வெளிவந்த முதல் இதழ் அதுவே. கப்பல் வரவு, சரக்கு விலை, சமூக அறிவிப்பு ஆகியவற்றோடு கவிதைகளும் அதில் இடம்பெற்றன. விலைப்பட்டியலும் கவிதையும் அடுத்தடுத்து நின்ற அப்பக்கங்களில் அத்தெருவின் வாழ்வே அச்சேறியது எனலாம். பொருள் ஈட்ட வந்தவர்க்கும் தாய்மொழி ஏக்கம் உண்டன்றோ?

இதழ் 1796 மார்ச்சு வரை, 18 திங்கள் மட்டுமே நடந்தது. கையொப்பக்காரர் மிகச் சிலரே. தமிழின் முதல் இதழ் எனப் பொதுவாகக் கூறப்பெறும் ‘தமிழ் மேகசின்’ இதே நகரில் 1831இல் வெளிவந்தது என்பதை நோக்கின், அஸ்தராரின் முன்மை விளங்கும். ஆயினும் ஒரே நகரில் இரு மொழியாரும் ஒருவர் இலக்கியத்தை ஒருவர் அறியாதே வாழ்ந்தனர் போலும். சந்தையில் ஒன்றியவர்கள் ஏட்டில் ஒன்றவில்லை. பெயரைத் திரித்தேனும் தன் நாவில் ஏற்ற தெரு, அப்பெயர்க்குரியோர் பாடிய பாட்டைக் கேட்க வாய்ப்பின்றிப் போயிற்று. அயலவரோடு வாழ்ந்த நம் நகர வாழ்வின் நிறைவும் குறையும் இவையே.

ஷ்மாவோனியன் 1824இல் சென்னையிலேயே மறைந்தார். அத்தேவாலய வளாகத்திலேயே அடக்கமானார். தெருவில் இன்று ஆர்மீனியக் குடியிருப்பு இல்லை. அவரது கல்லறை மட்டும் உள்ளது. அரசோ செல்வரோ தாங்காத சிற்றிதழ் ஒன்று 18 இதழ்களோடு நின்றும், ஒரு மொழியின் வரலாற்றில் முதலிடம் பெற்றது. பத்தாண்டு நிறைவு காணும் ஓர் இலக்கிய வட்டத்தார், அத்தெரு வழியே செல்லுங்கால் அங்கே சற்று நின்று செல்லுதல் தகும்.