மாஸ்கோ முன்னரங்கும் போரின் திசைமாற்றமும்

இரண்டாம் உலகப் போரின் திருப்புமுனையாகப் பெரும்பாலும் ஸ்டாலின்கிராடே சுட்டப்படுகிறது. 1943 பிப்ரவரி 2இல் முடிவுற்ற அப்போரின் இறுதிக்கட்டத்தில் ஏறத்தாழ 91,000 பேர் சிறைப்பட்டனர். ஆயினும், ஜெர்மனி அந்நகரை நோக்கிச் செல்ல நேர்ந்தது ஏன் என வினவின், விடை 1941 டிசம்பரில் கிடைக்கிறது.

1941 ஜூன் 22இல் சோவியத் எல்லையைக் கடந்த முப்பது லட்சத்திற்கும் மேற்பட்ட ஜெர்மானியப் படையினர், சில மாதங்களில் போர் முடிந்துவிடும் என்ற கணக்கில் அனுப்பப்பட்டவர்கள். குளிர்கால உடைகூடப் போதிய அளவில் சென்று சேரவில்லை. ரஷ்ய இருப்புப்பாதையின் அகலம் வேறாதலால் வழங்கலும் தடைப்பட்டது. டிசம்பர் 5இல் மாஸ்கோவின் முன் சோவியத் எதிர்த்தாக்குதல் தொடங்கியது. தோல்விக்குக் குளிரையே காரணமாக்கிய ஜெர்மானியத் தளபதிகளின் கூற்றை அப்படியே ஏற்பதற்கில்லை. குளிர் இருதரப்பினர்க்கும் பொதுவானதே.

டிசம்பர் 7இல் ஜப்பான் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கியது. 11இல் ஹிட்லர் அமெரிக்கா மீது போர் அறிவித்தார். விரைவில் முடிக்க எண்ணிய போர், இனி ஆள்வளமும் எண்ணெயும் தொழில் உற்பத்தியும் தீர்மானிக்கும் நெடும்போராயிற்று. இம்மாற்றத்தின் சுவடு அடுத்த ஆண்டின் போர்த்திட்டத்திலேயே தெரிகிறது. 1941இல் வடக்கு, நடு, தெற்கு என மூன்று திசைகளிலும் முன்னேறிய படை, 1942 ஜூன் 28இல் தொடங்கிய பெருந்தாக்குதலைத் தெற்கில் மட்டுமே நடத்தியது. முதன்மை இலக்கு காக்கசஸ் எண்ணெய் வயல்கள். வோல்காக் கரையின் ஸ்டாலின்கிராடு, அம்முன்னேற்றத்தின் பக்கக்காப்பாகவே முதலில் திட்டத்தில் இடம்பெற்றது. அந்நகரின் இருபுறமும் நிறுத்தத் தன் படை போதாமையால் ஜெர்மனி ருமேனியப் படைகளை நம்பியது; 1942 நவம்பர் 19, 20 ஆகிய நாட்களில் சோவியத் படை பிளந்தது அவ்வரிசைகளையே.